சாவிக்கொத்து

முப்பத்தொரு சாவிகள்.
அரிசி அறை, மருந்து அலுமாரி, வெளிப்படலை,
கூரையோடு போய்விட்ட பழைய கட்டடத்தின்
பூட்டில்லாத சாவி நான்கு.
எல்லாவற்றையும் ஒரே கம்பி வளையத்தில் கோத்து
உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நடப்பா
சிஸ்டர் மரிஸ்ரெலா.
சத்தம் வராது.

ஒட்டுசுட்டானில் இந்த விடுதிக்கு
நான் சமைக்க வந்து ஏழு வருடம்.
நான் சைவம்.
தான்தோன்றீஸ்வரர் மணி கேட்டுத்தான்
என் உலையில் அரிசி விழும்.
அவவின் செபம் எனக்குப் பாடமில்லை,
ஆனாலும் அடுப்பு எரிகிற விதத்தில் பிடித்துவிடுவேன்
அவ எந்த மனதோடு எழும்பியிருக்கிறா என்று.

சொன்னால் சிரிப்பீர்கள்.
அவ ஆறுதலாய் இருந்த நாட்களில்
நாற்பத்தாறு பிள்ளைகளும்
கோப்பையை நோகாமல் கீழே வைத்தார்கள்.
திக்குவாய்க் கபிலினி
ஒரு வசனத்தை முழுதாய்ச் சொல்லி முடித்தாள்.
காட்டோரம் யானை வெடி கேட்டால்
முன்பு கட்டிலுக்கடியில் ஊர்ந்து போனவர்கள்
"யானைக்குத்தானே" என்று புரண்டு படுத்தார்கள்.
எனக்கும் உப்புக் கூடவில்லை.

ஒருநாள் மறைக்கல்வி.
புயல், படகு, அணியத்தில் அல்ல, பின்புறத்தில்
தலையணை வைத்துத் தூங்கிய இயேசு.
கொக்கிளாய்ப் பிள்ளை எழும்பிக் கேட்டாள்:
"அப்பான்ர போட்டிலயும் அண்டைக்கு
அவர் நித்திரையோ சிஸ்டர்?"

பாதி உரித்த வெங்காயத்தோடு
நான் யன்னலடியில் நின்றேன்.
சிஸ்டர் புத்தகத்தை மூடினா.
"எனக்குத் தெரியாதம்மா" என்றா.
பிறகு அவளை முன்னால் இருத்தி
அந்தப் பின்னேரம் முழுக்கப் பேன் பார்த்தா.
ஈர் நசுங்குகிற சத்தம் மட்டும்.
பிள்ளை அப்படியே நித்திரையாகிப் போனாள்.

ஐப்பசி மழை தொடங்கின கிழமை
வவுனியாவில் ஒரு கந்தோருக்கு
அவவைக் கூப்பிட்டார்கள்.
தம்பியின் கோப்பு. எத்தனையாவது தடவையோ.
கடைசியாய்ப் போட்டிருந்த சேட் என்ன நிறம்
என்று திரும்பவும் கேட்டார்களாம்.

மைம்மலுக்குள் பஸ்ஸால் இறங்கினா.
படலையிலிருந்தே கேட்டன சாவிகள்.
கிலுங். கிலுங்.

ஒரு சொல் ஏசவில்லை அவ.
ஒருத்தரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
என்றாலும் அரை மணித்தியாலத்துக்குள்
ஒரு தலைக்குத்தியை வைத்து
இரண்டு பேர் தலைமயிரைப் பிடித்தார்கள்,
சின்னது ஒன்று பாயை நனைத்தது,
கபிலினிக்குத் தன் பெயரின் முதல் எழுத்திலேயே
நாக்கு நின்றது.
என் பருப்பு அடிப்பிடித்தது.

இரவுச் செபத்துக்கு மணி அடித்தாயிற்று.
முழந்தாளில் இருந்தா, தொடங்கவில்லை.
நெடுநேரம் தொடங்கவில்லை.
பிறகு சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி
நிலத்தில் வைத்தா.

"பிள்ளையள்,
இண்டைக்கு என்னட்டச் சமாதானம் இல்லை.
வழியெல்லாம் தேடிப் பார்த்தன்.
ஆரிட்டயும் கொஞ்சம் இருந்தாத் தாங்கோ."

தகரத்தில் மழை.
கடைசி வரிசையிலிருந்து எழும்பி வந்தாள்
கொக்கிளாய்ப் பிள்ளை.
பின்னால் போய் நின்று
சிஸ்டரின் முக்காட்டை மெல்ல விலக்கினாள்.
உள்ளே கட்டைத் தலைமயிர், பாதிக்கு மேல் நரை.
அதை விரலால் வகிர்ந்து வகிர்ந்து,
வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்து,
ஒரு மருத்துவரைப் போல அறிவித்தாள்:
"பேன் இல்லை சிஸ்டர்."

முதலில் சிரித்தது கபிலினி.
பிறகு எல்லோரும். பிறகு அவ.
சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று
நான் பார்க்கவில்லை.
பருப்பைச் சுரண்டி எடுக்கப் போய்விட்டேன்.
கருகின வாடையோடு
எல்லாரும் இரண்டாந்தரமும் கேட்டுச் சாப்பிட்டார்கள்.

அன்றிரவு வெளிப்படலையை நான்தான் பூட்டினேன்.
முப்பத்தொன்றில் எது என்று தெரியாமல்
மழைக்குள் நின்று
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தேன்.
திரும்பி வரும்போது
கொத்தை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு,
பிள்ளைகள் படுத்திருக்கிற பக்கத்தால்.