கெட்டி எண்ணெய்

எழுபத்தெட்டாம் வருஷத்துப் பியூஜோ.
அக்காள் கணவன் செஃபெரினோவிடம் வாங்கினேன்,
எஸ்கெல் ஊரில், ஏப்ரல் கடைசியில்.
அன்றைக்குப் பத்தகோனியக் காற்று
பெட்ரோல் பங்கின் தகரப் பலகையைப்
பிய்த்துக்கொண்டிருந்தது.
இஞ்சினை ஓடவிட்டு மூடியைத் தூக்கினான்.
"கேள், நெலிதா" என்றான்.
கேட்டேன்.
பூனை உறங்குவதுபோல் ஓடியது.

செம்மறிகளுக்கு ஊசி போடுவது என் வேலை.
ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே
எண்பது கிலோமீட்டர் சரளை.
பின்சீட்டில் குளிர்பெட்டி.
வண்டி நின்றால் மருந்து கெடும்.

டெக்கா தாண்டிய ஏற்றத்தில் அது வந்தது.
ஏறும்போது அல்ல,
ஏறி முடித்துக் காலைத் தளர்த்திய நொடியில்.
நிலவறையிலிருந்து யாரோ
கதவைத் தட்டுவதுபோல்
டொக். டொக். டொக்.
வால்வு என்றால் மேலே கேட்கும்,
தையல் மிஷின்போலப் பொடிப்பொடியாய்.
இது கனம். இது கீழே.

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்:
நான் முதலில் செய்தது
ரேடியோவைக் கூட்டி வைத்ததுதான்.

பண்ணை வாசலில் நிறுத்தினேன்.
இஞ்சின் கொதித்துக்கிடந்தது.
ஐட்லிங்கில் ஆயில் விளக்கு
ஒருமுறை சிவந்து அணைந்தது.
மறுபடி சிவந்தது.
லேசாக மிதித்தால் மறைந்தது.
பல்பு கெட்டிருக்கும் என்றேன் எனக்கே.
உண்மை சொல்கிற பொருளைத்தானே
முதலில் சந்தேகப்படுகிறோம்.

ஞாயிறு.
அடிநட்டைக் கழற்றினேன்.
எண்ணெய் விழவில்லை, இறங்கியது,
தேனைவிடச் சோம்பலாக,
கியர்பெட்டி வாடையோடு.
அப்போதே பாதி புரிந்துவிட்டது.
ஃபில்டரை ரம்பத்தால் அறுத்து
மடிப்புகளைச் செய்தித்தாளில் விரித்தேன்.
விளையாட்டுப் பக்கம் முழுக்க மினுமினுப்பு.
ஃப்ரிட்ஜ் கதவுக் காந்தத்தை அருகே கொண்டுபோனேன்.
ஒரு துகள்கூட அசையவில்லை.
இரும்பில்லை.
பேரிங்.

ப்ரிச்சர்ட் பட்டறையில்
பிளக் வயர்களை ஒவ்வொன்றாய் உருவிப் பார்த்தோம்.
மூன்றாவதை உருவியதும் தட்டல் மங்கியது.
ஆயில் தொட்டியை இறக்கினோம்.
பிறைத்துண்டு போன்ற அந்த மெல்லிய ஓட்டில்
சாம்பல் தோல் தேய்ந்து
செம்பு தெரிந்தது,
முட்டி உரசினால் சதை தெரிகிறாற்போல்.
கிராங்கின் மேல் நகத்தால் இழுத்தேன்.
தடுக்கியிருந்தால் கடைசல், மூன்று மாதச் சம்பளம்.
தடுக்கவில்லை.
இன்னொருமுறை இழுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு.
தடுக்கவில்லை.
புதுப் பேரிங்கும் மெழுகு நூலும் வாங்கினோம்.
நூலை வைத்து இறுக்கி, திறந்து,
நசுங்கிய அகலத்தை அளந்தோம்.
இடைவெளி சரி.
அந்த இடைவெளியில்தான் எண்ணெய் குடியிருக்கிறது.
உலோகம் உலோகத்தைத் தொடவே கூடாது.

மறு ஞாயிறு அக்காள் வீட்டு விருந்து.
செம்பு தெரிந்த ஓட்டை
செஃபெரினோவின் தட்டருகே வைத்தேன்,
ரொட்டிக்கும் உப்புக்கும் நடுவில்.
வெகுநேரம் பார்த்தான்.
"நீ கேட்டிருக்கலாம்" என்றான்.
"கேட்டேனே" என்றேன்.
காதால் கேட்டேன்.
வாயால் கேட்கவில்லை.
அவ்வளவுதான் வித்தியாசம்,
அதில்தான் அவன் கெட்டி எண்ணெயை ஊற்றியிருந்தான்.
அக்காள் ஓட்டை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பி, "அழகாயிருக்கே, என்ன இது?" என்றாள்.
இருவரும் பதில் சொல்லவில்லை.

இப்போது ஜூலை. காலை மைனஸ் ஒன்பது.
சாவியைத் திருப்பி, விளக்கு அணையக் காத்திருக்கிறேன்.
அணைந்த பின்னும் மிதிப்பதில்லை.
எண்ணெய்க்கு எழுந்து நடக்க நேரம் வேண்டும்.
ஏற்றத்தில் பெரிய கியரில் இழுத்து வதைப்பதில்லை.
புழுதி ரோட்டில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை
புது எண்ணெய், புத்தகம் சொல்கிற கனத்தில்.
ஃபில்டரை இன்றைக்கும் அறுத்துப் பார்க்கிறேன்.
ரேடியோவைக் கழற்றிவிட்டேன்.
அந்தப் பொந்தில் கையுறை வைக்கிறேன்.

போன வாரம் வாசலில் ஒரு பிக்கப்.
செஃபெரினோ இறங்கினான், இஞ்சினை அணைக்காமல்.
"கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்" என்றான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
நான் மூடியைத் தொடவில்லை.
முதலில் வாயால் கேட்டேன்:
"என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறாய்?"