அணைந்தது என்ற கட்டம்

ஏப்ரல் கடைசி. யகூத்தியாவில் பனி இளகவில்லை.
இரவுப்பணியில் துயாரா.
செயற்கைக்கோள் கடந்துபோன பின்
திரையில் மங்கலாய் ஒரு சிவப்புச் சதுரம்,
பக்கத்துக்கு முந்நூற்று எழுபத்தைந்து மீட்டர்.
கருவியின் பிசகென்று அழிக்கப் போனவள்
போன செப்டம்பர் வரைபடத்தை அதன்மேல் விரித்தாள்.
அதே ஆற்று வளைவு.
அணைந்ததாக அவளே கையெழுத்திட்ட தீ.

தொலைபேசியில் ஜுலுஸ்தான், தூக்கம் கலைந்த எரிச்சலில்:
"தீயா? முழங்கால் வரை பனி, அம்மா.
ஏழு குதிரையும் சுகம். வைக்கோலும் சுகம்."

சதுரத்துக்குள் குதிரை தெரியாது.
வைக்கோல் தெரியாது.
வெப்பம் மட்டும், அதுவும் ஓர் எண்ணாக.
"எதற்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்."

தேநீர் ஆறி, ஆடை கட்டி,
அதையும் குடித்துவிட்டாள்.

பிறகு மூச்சு வாங்கும் குரல்:
"பூட்ஸ் அடி இளகுகிறது.
பனிக்குக் கீழே மண் கனிகிறது, கங்கு மாதிரி.
குளிர்காலம் முழுக்கக் குதிரைகள்
இங்கேயேதான் வந்து படுத்தன.
புல்லுக்காக என்றல்லவா நினைத்தேன்."

அணைந்தது என்ற கட்டத்திலிருந்து
தன் குறியை எடுத்தாள் துயாரா.
காரணம் கேட்டது கணினி.
குதிரைகள் என்று எழுதி, அழித்து,
மறுபடி குதிரைகள் என்றே எழுதினாள்.

அடுத்த கோள் வர இன்னும் இரண்டு மணி நேரம்.
அதுவரை
ஜுலுஸ்தானும் ஒரு மண்வெட்டியும்.