எடுத்துக் கொடுப்பவள்

நாடகம் ஓர் இத்தாலிக்காரனுடையது,
ஐந்நூறு வயசு.
ஆடியது தண்டையார்பேட்டைத் தொழிற்சங்கக் கூடத்தில்.
கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
பிளைவுட்டில் வரைந்த புளோரன்ஸ் நகரம்
லேசாக அதிர்ந்தது.

எனக்கு மேடையில் வேலை இல்லை.
திரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி,
செல்போன் வெளிச்சத்தில் பிரதி.
மறந்தவனுக்கு அடுத்த சொல்லை
எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பெண் வேஷம் பையன்கள்தான் கட்டுவார்களாம்.
ஆகவே மணப்பெண், ஐ.டி.ஐ. படிக்கும் இன்னாசி.
என் அண்ணியின் நைட்டியை வெட்டித் தைத்த பாவாடை.

தெரு முழுக்க ஆம்பளைகள்.
இரண்டாயிரம் பொன் வரதட்சணையை
ஆயிரத்து எண்ணூறுக்கு இறக்குகிறான் அப்பன்,
காசிமேட்டு ஏலம் தோற்றது.
கிழட்டு மாப்பிள்ளை மீசைக்கு மை தடவுகிறான்.
காதலன் வைத்தியன் வேஷத்தில் உள்ளே நுழைய
வேலைக்காரன் மூன்று பேரிடம் காசு வாங்குகிறான்.
எல்லாரும் அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.
அவளோ
முதல் அங்கத்தில் சன்னலில் கொஞ்ச நேரம்,
மூன்றாவதில் வீட்டுக்குள்ளிருந்து ஓர் இருமல்.
ஒத்திகை முழுக்க இன்னாசிக்கு நான் எடுத்துக் கொடுத்தது
அந்த இருமல் ஒன்றுதான்.

கடைசி அங்கம்.
கிழவன் ஏமாந்தான், காதலன் ஜெயித்தான்.
அவள் கையை இவனிடமிருந்து பிடுங்கி
அவனிடம் கொடுத்தான் அப்பன்.
கூட்டம் கைதட்டத் தயாரானபோது

இறால் உரித்துவிட்டு நேரே வந்திருந்த பவுனம்மா
மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்:
“யோவ், பொண்ணாண்ட ஒரு வார்த்த கேட்டீங்களா இன்னா?”

கூடம் சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.

காதலன் அப்பனைப் பார்த்தான்.
அப்பன் பாதிரியாரை.
பாதிரியார் இன்னாசியை.
இன்னாசி, உதட்டுச் சாயம் வேர்வையில் இழுத்துக்கொண்டு வழிய,
என்னைப் பார்த்தான்.

பிரதியைப் புரட்டினேன். முன்பக்கம், பின்பக்கம்.
அச்சுப்பிழையாகக்கூட
அவளுக்கு ஒரு வரி இல்லை.

போன ஆவணியில் என்னையும் வந்து பார்த்தார்கள்.
வீட்டில் ஏ.சி. இல்லையா என்றார்கள்.
‘பொண்ணுக்குச் சம்மதம்’ என்று சொன்ன குரல்
என் சித்தப்பாவுடையது, நல்ல கனத்த குரல்.

“யோசிச்சி சொல்றேன்னு சொல்லுடா” என்றேன்,
எடுத்துக் கொடுப்பவள் பேசக்கூடாத சத்தத்தில்.

சொன்னான்.

அதற்குப் பிறகு பிரதி எதற்கும் உதவவில்லை.
பாதிரியார் திறந்த புத்தகத்தை
மூடுவதா வேண்டாமா என்று நின்றார்.
கிழவன் மை மீசையைப் பிய்த்துவிட்டு
மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டான்.
பவுனம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்:
“மெதுவா சொல்லட்டும்,
எனுக்கு எர்ணாவூர் பஸ்சு பூடும்.”