எக்கோ வேண்டாம்

விபூதிப் புதனுக்கு முந்தின நாளே
உபதேசியார் தைரியநாதன் கடைக்கு வந்தார்.
"நாற்பது நாளைக்கு எக்கோ வேண்டாம், சிக்கந்தர்.
குரல் எப்படியோ அப்படியே கேட்கட்டும்."

காதுகுத்துக்கு எக்கோ, கெடா வெட்டுக்கு எக்கோ.
கட்சிக் கூட்டம் என்றால்
"தலைவர்" வைகைக்கு அந்தப் பக்கம் போய்
"லைவர், வர்" என்று திரும்பி வந்தாக வேண்டும்.
கிறிஸ்துமசுக்கு இதே உபதேசியார்தான்
"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று
காற்றில் குமிழைத் திருகிக் காட்டியவர்.

அந்த வருசம் அவர்களுடைய தவக்காலமும் எங்கள் நோன்பும்
ஒரே வாரத்தில் தொடங்கின.

முதல் வெள்ளி. மத்தியானம் வயர் இழுக்கப் போனேன்.
வியாகுல மாதா கோவிலில் பூச்சாடிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
பீடத்தில் ஊதாத் துணி.
வாசலில் மட்டும் திருவிழாக் கூட்டம்:
அண்டாவில் கஞ்சி, இலைத்துண்டில் துவையல்.
தறிக்காரர்கள், குப்பை வண்டிக்காரர்கள்,
கல்பாலத்தில் இருந்து ஏறி வந்த ரெண்டு பேர்.
யாரையும் யாரென்று கேட்கவில்லை.

அகப்பை பிடித்திருந்த அமலோற்பவம் அக்கா
எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்.
"நோன்புக்கா" என்றேன்.
டம்ளர் நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பிறகு, பஸ் நேரம் கேட்கிற மாதிரி:
"எத்தனை மணிக்கு விடுவீங்க?"
"ஆறு இருபத்தெட்டு."
"சரியாவா?"
"சரியா."

சாயங்காலம் சிலுவைப்பாதை.
மூன்று சக்கர சைக்கிளில் பேட்டரியும் ஒற்றைக் குழாயும்.
நான் மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டு போனேன்,
பின்னால் நூற்றைம்பது பேர்
செருப்பில்லாமல் நடக்கும்போது
மிதிப்பதற்குக் கால் வரவில்லை.
தார் இன்னும் பகல் சூட்டோடு இருந்தது.

எக்கோ இல்லாத குரல் எப்படி இருக்கும் என்று
பதினெட்டு வருசத் தொழிலில் அன்றுதான் கேட்டேன்.
சளி தெரிகிறது.
பல் கட்டியவர் யாரென்று தெரிகிறது.
நாலாம் நிலையில், தாய் மகனைப் பார்க்கிற இடத்தில்,
வாசித்துக்கொண்டிருந்த லூர்துமேரி
ஒரு வரியை ரெண்டு தரம் படித்தது தெரிகிறது.
அவள் பையன் குவைத்தில் இருக்கிறான்,
ஆறு மாசமாகப் போன் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

ஏழாம் நிலைக்குப் பிறகு உபதேசியார் வேகம் கூட்டினார்.
மூன்றாம் முறை விழுந்தவரை
எழுந்திருக்கக்கூட விடவில்லை.
"என்னய்யா, ரயிலா பிடிக்கணும்?" என்றார் பின்னால் ஒருவர்.
தைரியநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
அமலோற்பவம் அக்காவைப் பார்த்தார்.

பன்னிரண்டாம் நிலை.
சாமி உயிரை விட்டாச்சு.
எல்லோரும் நடுத்தெருவில் முழங்காலில்.
ஒரு பேச்சில்லை.
தறிகூட எங்கேயும் ஓடவில்லை.
அப்போது பள்ளிவாசலில் பாங்கு.

முழங்காலில் இருந்தபடியே, என் பக்கம் திரும்பாமல்,
அக்கா தட்டு மூடிய டம்ளரைத்
தார் மேல் தள்ளினார்.
தட்டில் மூன்று பேரீச்சம்பழம்.
பிஸ்மி சொல்லி ஒன்றைக் கடித்தேன், குடித்தேன்.

மைக்கை அணைக்கவில்லை.

என் தொண்டை தண்ணீரை விழுங்கிய சத்தம்
நாலு தெருவுக்குக் கேட்டது.
மடக். மடக்.
எக்கோ இல்லாமல், சுத்தமாக.

ஒரு பொடியன் சிரித்தான், அவன் அம்மா கிள்ளினாள்.
சாமியார் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை,
தோள் மட்டும் குலுங்கியது.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு
பதின்மூன்றாம் நிலை என்றார்.

பெருநாள் முடிந்து ரெண்டு வாரம் கழித்துப் பெரிய வெள்ளி.
எனக்கு நோன்பில்லை.
அவர்களுக்குத்தான் காலையில் இருந்து பட்டினி.
அக்காவின் உதடு வெடித்திருந்தது.
பன்னிரண்டாம் நிலை, முழங்கால், அமைதி, பாங்கு.
டம்ளர் வந்தது, தட்டு மூடி.

முடிந்துபோச்சுக்கா என்று சொல்லியிருக்கலாம்.

முதலில் மைக்கை அணைத்தேன்.