இடைவிலகியோர் பதிவேடு

வலயக் கல்வி அலுவலகத்தில்
ஒரே பதிவேடுதான்: இடைவிலகியோர்.
யதுர்ஷா விலகவில்லை சேர்,
மேசைதான் ஆரையம்பதிக்கு மாறியிருக்கிறது
என்றேன்.
அவர் பேனை மூடியைத் தேடினார்.

கச்சேரியில் மாடிக்கு அனுப்பினார்கள்.
மாடியில் வெள்ளிக்கிழமை வரச்சொன்னார்கள்.
வாவிக்கரை வீதி நிறுவனத்தில்
தண்ணீர் தந்தார்கள்.
எங்கட திட்டம் மார்ச்சோட முடிஞ்சுது அக்கா,
வேணுமெண்டா கோழிக்குஞ்சு தரலாம்.

பத்துக் குஞ்சுக்குக் கையெழுத்து வைத்தேன்.
இரண்டு செத்துப்போயின.
மிச்சத்தில் அவள் பின்னம் படித்தாள்.

பஸ் நிலையத்துப் போட்டோகொப்பிக் கடையில்
எனக்கு முன்னால் நின்றவள்
ஆறாம் ஆண்டு விஞ்ஞானம், பக்கம் நாற்பத்தொன்று,
ஒரே ஒரு பிரதி கேட்டாள்.
ரீச்சர்மார் நாற்பதல்லவா எடுப்பார்கள்.

வீட்டிலயா? என்றேன்.
ஏறாவூர் நுஸைலா திரும்பினாள்,
களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி.
பிறகு பைக்குள்ளிருந்து
நேரசூசி ஒன்றை எடுத்து விரித்தாள்.
செவ்வாய், கணிதம்:
அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி.

செவ்வாய் எனக்குச் சரி.
அவளுக்கு இங்கிலிஷ் வரும்.
அவள் மகன் இன்னும்
கோழி முட்டையிடுவதைப் பார்த்ததில்லையாம்.

எத்தனை கொப்பி? கடைக்காரர் மறுபடி கேட்டார்.
ரெண்டு என்றாள்.
காசு நான் கொடுத்தேன்.
அவரிடம் சில்லறை இல்லை;
ஐந்து ரூபாய் இன்னும் வரவேண்டும்.