பத்தொன்பதாம் நிமிடம்

சுண்டுவிரல் பருமனில் எஃகுக் குழாய்.
உள்ளே நான்கு கிராம் கருநீலப் பொடி.
பொடி என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் வைத்த பெயர்,
உள்ளே போனால் அத்தனையும் அறைகள்.

நெயூக்கேன் காற்று இன்றும்
கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்குகிறது.
ஆய்வுக்கூடத்தில் நானும்
திரையில் ஊரும் ஒரு கோடும்.

நான்காம் நிமிடம் மீத்தேன் வந்துவிட்டது.
அதற்கு எந்தச் சுவரோடும் பேச்சில்லை.
பத்தொன்பதில் ஈத்தேன்,
எங்கோ சாய்ந்து நின்றுவிட்டு வந்த முகத்தோடு.
புரோப்பேன் வர ஒரு மணி நேரமாகும்.
அதற்குள் மாத்தே இலைக்கு
இரண்டு முறை வெந்நீர் ஊற்றிவிடலாம்.

எலிசெயோ சிப்பொலெத்தியில் பேரிக்காய் பிரிக்கிறான்.
அவன் பட்டையில் துளைகள்:
சிறுத்தது முதலில் விழும்,
பெருத்தது கடைசிவரை உருளும்.
"உன்னதும் சல்லடைதானே?"

இல்லை. என் துளை எல்லாருக்கும் அகலம்.
யாரும் நுழையலாம்.
யாருக்குக் கிளம்ப மனமில்லை என்பதுதான் கணக்கு.

"அப்படியானால் அது சல்லடை இல்லை, மதுக்கடை"
என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

சிலிண்டரில் வாங்கிய சுத்த வாயுவில்
நாற்பது சுற்று, நொடி பிசகவில்லை.
வியாழனன்று அய்லின் வேனை ஓட்டிக்கொண்டு
அஞேலோவிலிருந்து அசல் வாயு கொண்டுவந்தாள்,
கிணற்றின் வாயிலிருந்தே பிடித்தது.

ஆறாம் சுற்றில் ஈத்தேன் பதினொன்றில் வந்தது.
ஒன்பதாம் சுற்றில்
மீத்தேனின் தோளில் கைபோட்டுக்கொண்டே வந்தது.

குழாயைத் திறந்தேன்.
கருநீலம் போய் வானநீலம்.
இத்தனை அழகாக
எதுவும் எனக்குக் கெட்டுப்போனதில்லை.
ஈரம். உலர்த்தியை ஏமாற்றி வந்த கொஞ்சூண்டு ஈரம்.
இடம் கொடுத்தோம்,
மடத்தையே பிடுங்கிக்கொண்டது.

அய்லின் பொடியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
அவள் தெருவுக்கு எரிவாயுக் குழாய் வரவில்லை.
ஜூலைக் குளிரில் அவள் அண்ணன்
சிலிண்டர் வரிசையில் கால் மாற்றி நிற்கிறான்.
அதே புரோப்பேன்
பிரித்தெடுக்க ஆளில்லாமல்
கிணற்றுக்குக் கிணறு கொழுந்துவிட்டு எரிகிறது.
"வழியில் ஹெட்லைட் போடவே இல்லை" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

இரவு முழுக்க நூற்றைம்பது பாகைச் சூடு.
வெற்றிடப் பம்பு இழுத்துக்கொண்டேயிருக்கிறது.
நீலம் கொஞ்சம் இருண்டிருக்கிறது,
பழையபடி இல்லை.

வாயுவைத் திறக்கிறேன்.

பத்து.
பன்னிரண்டு.

பதினான்கில் வந்தது.

குறிப்பேட்டில் பதினான்கு என்று எழுதுகிறேன்.
வெந்நீர் ஆறிவிட்டது.