மூன்றே கால்

ஒருரோவின் ஆகஸ்ட் காற்றுக்கு
ஈரம் என்றால் என்னவென்று தெரியாது.
இருட்டில் ஸ்வெட்டரைக் கழற்றினால் பொறி பறக்கும்.
கதவுக் கைப்பிடி கடிக்கும்.
அதனால்தான் லிம்பெர் மூன்று தடவை சொன்னான்:
பெட்டியைத் திறந்ததும் முதலில் இரும்பைத் தொடு,
உடம்பில் இருக்கிற மின்னலை அதற்குக் கொடுத்துவிடு,
அப்புறம் கை வை.

தொட்டேன்.
சுள்ளென்றது.

பித்தளை வாத்தியக் குழுவுக்கு
இசைத்தாள் எழுதித் தருவது என் வேலை.
ட்ரம்பெட்டுக்கு மூன்று வரி, ட்ராம்போனுக்கு இரண்டு,
டியூபாவுக்குத் தனியாக ஒன்று.
தாளத்தட்டுக்காரருக்கு எழுதவே வேண்டாம்,
என்றாலும் கேட்பார்.
எல்லாவற்றையும் ஒன்றாய்த் திறந்தால்
நாற்பத்தெட்டாவது தாளக்கட்டில் கணினி நின்றுவிடும்.
எழுந்துபோய் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வருவேன்.
மணற்கடிகை இன்னும் புரண்டுகொண்டிருக்கும்.

சுரங்கச் சங்க அலுவலகம் மூடியபோது
ஏலத்தில் எடுத்த பெட்டி. ஒரே ஒரு ஜிபி ராம்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
(யானை இந்த ஊருக்கு வந்ததே இல்லை.
சோளப்பொரி மட்டும் சந்தையில்
ஆள் உயர மூட்டைகளில் நிற்கிறது.
அதற்கு அடுத்த கடை லிம்பெருடையது.)

அவன் முதலில் நீட்டியதை நான் வாங்கவில்லை.
பழைய பட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்,
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்:
வெட்டு ஒரு நகம் அளவு விலகியிருந்தது.
"அது டிடிஆர் மூன்று, உனக்கு இரண்டு" என்றான்,
தப்பு என்னுடையது போல முறைத்தபடி.
அட்டைப் பெட்டியின் அடியில் துழாவி
பச்சை ஒன்று, நீலம் ஒன்று.
ஒவ்வொன்றும் இரண்டு ஜிபி.
அறுபது பொலிவியானோ என்றான்;
அவன் மைத்துனி கல்யாணத்துக்கு ஒரு பாட்டு எழுதித் தருவதாகச் சொன்ன பிறகு
ஐம்பத்தைந்து.

பல்லில் டார்ச். முழங்காலுக்கடியில் செய்தித்தாள்.
உள்ளே செம்புழுதி, காய்ந்த அந்துப்பூச்சி.
ஸ்லாட்டின் வெள்ளைக் காதுகளை வெளியே மடக்க
பழையது டக்கென்று எழும்பி வந்தது.
புதியதை அழுத்த அழுத்த
மதர்போர்டு வளைந்தது, நான் மூச்சை அடக்கினேன்.
டக்.
இன்னொரு டக்.

பொத்தானை அமுக்கினால் திரை கறுப்பு.
பீப். பீப். பீப்.
மூன்றும் ஒரே சுருதி, அதுவும் சற்றே இறங்கிய சுருதி.

நீலத்தை எடுத்துப் பார்த்தேன்: பீப்.
பச்சையை எடுத்துவிட்டு நீலத்தை வைத்தேன்: எழுந்தது.
பச்சையின் தங்கப் பற்களில் கறை.
மேசையில் பாதியாய்த் தேய்ந்த அழிரப்பர் கிடந்தது.
'இங்கே எப்போது மூச்சு விடுவது?' என்று
டியூபா வில்ஃப்ரெடோ திருப்பியனுப்பும் சுரங்களை
அழித்து அழித்துத் தேய்ந்தது.
அதாலேயே பல் துலக்கிவிட்டேன்.

இரண்டும் எழுந்தன. கணக்குப் பார்த்தேன்.
பொருத்தியது நான்கு.
அது ஒப்புக்கொண்டது மூன்றே கால்.

லிம்பெருக்குப் போன் போட்டுத் திட்டினேன்.
"நான்கும் இருக்கிறது, டெல்ஃபினா.
உன் விண்டோஸ் பழசு, முப்பத்திரண்டு பிட்.
அதற்கு அதற்குமேல் எண்ணத் தெரியாது."
இருப்பதை எப்படி எண்ணாமல் விடும் என்று கேட்டேன்.
அவன் பின்னால் யாரோ
சோளப்பொரி என்ன விலை என்றார்கள்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது.
பிப்ரவரி ஊர்வலத்தில் எண்பது பேர் ஊதுகிறோம்.
அமைப்பாளரின் காகிதத்தில் அறுபத்தைந்து.
பின்வரிசைப் பெண்கள் நாங்கள் பதினைந்து பேரும்
ஊதுவது தெருக்கோடிவரை கேட்கும்.
கூலிநாள் அன்று மட்டும் கேட்காது.

கோப்பைத் திறந்தேன்.
நாற்பத்தாறு. நாற்பத்தேழு.
கை பழக்கத்தில் கிழங்குக் கத்தியைத் தேடியது.
நாற்பத்தெட்டு,
நாற்பத்தொன்பது. டியூபா நடந்துகொண்டே இருந்தது.

பழைய பட்டையை எறியவில்லை.
விளிம்பு நேராக இருக்கிறது, கோடு போட ஆகும்.
இரவு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து
அதை வைத்து வரிகள் இழுத்தேன்.
அமைப்பாளருக்கான தாள், சுரம் கிடையாது,
வரிக்கு ஒரு பெயர்.

எழுபத்தொன்றாவது வரியில் பென்சில் முனை உடைந்தது.
கத்தியால் சீவிக்கொண்டேன்.